சுவிஸ் ராணுவத்தின் பழைய துப்பாக்கியை இனங்கண்டு வாங்குவது எப்படி: தோட்டாவிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

சுவிட்சர்லாந்தில் வசித்துக்கொண்டு, குறிசுடும் சங்கத்தில் சேர்ந்த பின்னரோ சேர எண்ணியோ, அந்நாட்டு ராணுவம் கைவிட்ட பழைய துப்பாக்கி ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. 1889 முதல் 1958 வரை தயாரான, கையால் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உலோகத் தண்டை) நேராகப் பின்னுக்கு இழுத்து இயக்கும் துப்பாக்கிகள் மட்டுமே இங்கே பேசப்படுகின்றன. ஸ்டுர்ம்கெவேர் 57 என்னும் ராணுவத் தானியங்கித் துப்பாக்கி போன்ற பிற்காலத் துப்பாக்கிகளுக்குச் சட்டம் வேறு. அவற்றை இந்த வழிகாட்டியைக் கொண்டு வாங்க முற்பட வேண்டாம்.

புதியவர்கள் பெரும்பாலும் முதலில் துப்பாக்கியைப் பார்த்து ஆசைப்பட்டு, பிறகு அதற்கான தோட்டாவைத் தேடி, கடைசியில்தான் சட்டத்தைப் படிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டால் பணமும் நேரமும் வீணாவதில் பெரும்பகுதி தவிர்ந்துவிடும்.

1. வாங்கத் தகுதி உண்டா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. சுவிஸ் ஆயுத ஒழுங்குவிதி சில நாடுகளின் குடிமக்கள் ஆயுதம் வாங்குவதையும் வைத்திருப்பதையும் தடை செய்கிறது. அந்தப் பட்டியலில் இலங்கையும் உள்ளது. நீண்டகாலம் வசித்ததோ சி வகை (நிரந்தர வதிவிட) அனுமதி அட்டை கையில் இருப்பதோ இந்தத் தடையை நீக்காது. சுவிஸ் குடியுரிமை பெற்றவர்களின் நிலை வேறு. இரட்டைக் குடியுரிமை உடையவர்கள் தங்கள் கன்டோன் (மாநில) காவல்துறையின் ஆயுத அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுப் பதில் பெற்ற பிறகு அடுத்த அடியை வைப்பது நல்லது. தடை சுடுவதற்கும் பொருந்தும் என்பதால், நண்பரின் துப்பாக்கியைச் சங்கத்தில் ஒருமுறை சுட்டுப் பார்ப்பதும் விளையாட்டான காரியம் அல்ல.

தடைப் பட்டியலில் இல்லாத நாட்டினர், உதாரணமாக இந்தியக் குடிமக்கள், சி வகை அட்டை இல்லாதவராக இருந்தால், எந்தத் துப்பாக்கிக்கும் முன்கூட்டியே வாஃபன்எர்வெர்ப்ஸ்ஷைன் எனப்படும் வாங்கும் அனுமதிச்சீட்டைப் பெற வேண்டும். சொந்த நாட்டு அதிகாரியின் உறுதிச்சான்றும் அதற்குத் தேவை. சுவிஸ் குடிமக்களுக்கும், தடைப்பட்டியலில் வராத சி அட்டைக்காரர்களுக்கும் இங்கே பேசப்படும் கைபோல்ட் துப்பாக்கிகளுக்கு அந்தச் சீட்டு வேண்டியதில்லை. எழுத்து மூலமான ஒப்பந்தம் போதும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும், ஆயுதம் மறுக்கப்படுவதற்கான காரணம் எதுவும் இருக்கக் கூடாது.

"இது பழம்பொருள், சட்டம் பொருந்தாது" என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. சுவிஸ் சட்டப்படி பழமையான துப்பாக்கி என்பது 1870-க்கு முன் தயாரிக்கப்பட்டது. இந்த வரிசையின் மிகப் பழைய மாதிரியே 1889-இல் வந்தது என்பதால், அந்தப் பேச்சுக்கு இங்கே இடமில்லை.

2. புறப்படும் முன் கையில் இருக்க வேண்டியவை

செல்லுபடியாகும் அடையாள அட்டை, மூன்று மாதத்துக்கு மேற்படாத குற்றப்பதிவுச் சான்று, நிரப்பாத ஒப்பந்தப் படிவம் இரண்டு பிரதிகள். விற்பவர் சான்றைக் கேட்காமலும் இருக்கலாம். ஆனால் அதை நீட்டும் வாங்குநரிடம் பேச்சு வேறு மாதிரியாக அமையும் என்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

கருவிகளில் சிறு கைவிளக்கு, குழலுக்குள் ஒளியைத் திருப்பும் கண்ணாடித்துண்டு, துடைக்கும் கம்பியும் சில வெள்ளைத் துணித்துண்டுகளும், திருகின் பிளவில் இடைவெளியின்றிப் பொருந்தும் அகன்ற தட்டைத் திருப்புளி ஆகியன போதும். சின்னத் திருப்புளியால், மரக்கட்டையின் பின்முனையை மூடும் அடித்தகட்டின் திருகைத் திருப்பிச் சிதைத்துவிட்டு, விற்பவரின் முகத்தைப் பார்க்க முடியாமல் நிற்கும் புதியவர் ஒவ்வொரு சந்தையிலும் ஒருவராவது இருப்பார்.

3. துப்பாக்கிக்கு முன் தோட்டாவைத் தீர்மானியுங்கள்

சுவிஸ் துப்பாக்கிகளில் எதை வாங்குவது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் ஜிபி90, ஜிபி11 என்னும் இரண்டு பெயர்களுக்குள் அடங்கிவிடுகிறது. முதலாவது, எடுவார்ட் ரூபின் வடிவமைத்த ஆரம்பகாலத் தோட்டா; 53.5 மில்லிமீட்டர் நீளமுள்ள உறை (மருந்தை அடக்கிய கூடு). இரண்டாவது 1911-இல் வந்தது. கூர்முனையும் பின்புறம் ஒடுங்கிய வடிவும் கொண்ட 11.3 கிராம் குண்டு, 55 மில்லிமீட்டர் வகை உறை, முந்தையதைவிடக் கூடுதல் அழுத்தம்.

தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும் என்பதுதான் ஆபத்து. 1889 மாதிரியின் போல்ட்டைப் பூட்டும் பற்கள் மிகப் பின்னால் அமைந்தவை. அந்த அமைப்பு ஜிபி11-இன் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. குண்டின் விட்டமும் இரண்டில் வேறு. அறைக்குள் தோட்டா போய் உட்கார்ந்துவிட்டது என்பதைச் சுடலாம் என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1889 மாதிரியில் ஜிபி11 தோட்டாவை ஒருபோதும் சுடக் கூடாது. 1911-க்கேற்ப மாற்றப்படாத 1896 மாதிரிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சுடுவதற்காக வாங்குபவர் ஜிபி11-க்கான துப்பாக்கிகளை மட்டும் பார்த்தால் போதும். இதற்கு நடைமுறைக் காரணம் உண்டு: ஸ்டுர்ம்கெவேர் 57-உம் இதே தோட்டாவைச் சுடுவதால், சுவிட்சர்லாந்தின் 300 மீட்டர் குறிசுடும் திடல்களில் ஜிபி11 இன்றும் சாதாரணமாகப் புழங்குகிறது. ஜிபி90-ஐ அவ்வாறு எதிர்பார்க்க முடியாது. சுவரில் மாட்டும் சேகரிப்புக்காக என்றால் 1889-ஐத் தாராளமாக வாங்கலாம். அதன் வேலைப்பாடு அதற்குத் தகுதியானதுதான்.

பிரெஞ்சு ராணுவத்தின் 7.5×54 தோட்டாவும் விற்பனையில் வரும். எண்கள் அருகருகே இருப்பதால் கைதவறி வாங்குவோர் உண்டு. அது வேறு தோட்டா. இந்தத் துப்பாக்கிகளுக்கு ஆகாது.

4. மாதிரியை இனங்காணும் வரிசை

விளம்பரங்களில் "சுவிஸ் கார்பைன்" (குட்டைத் துப்பாக்கி) என்று மட்டும் எழுதி விடுவார்கள். பெயரை நம்பாமல் கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள். முத்திரைகளைப் பிறகு படிக்கலாம், ஏனெனில் வடிவம் பொய் சொல்வது கடினம்.

முதலில் மேகசினுக்கும் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) விசைக்காப்புக்கும் இடையிலுள்ள தூரம். ஷ்மிட்-ரூபின் வகையான 1889, 1896/11, ஜி11, கே11 (1911 மாதிரியின் நீண்ட துப்பாக்கியும் கார்பைனும்) ஆகியவற்றில் போல்ட் அமைப்பு நீளமானது என்பதால், மேகசின் விசையிலிருந்து நன்றாக விலகி முன்னால் நிற்கும். இடையில் மரக்கட்டை தெரியும். 1931 மாதிரிக் கார்பைனான கே31-இல் அந்த அமைப்பு முழுவதும் மறுவடிவம் பெற்றுச் சுருங்கிவிட்டது. பூட்டும் பற்கள் தோட்டா அறைக்கு நேர் பின்னே வந்தன. மேகசின் விசைக்காப்பை ஒட்டினாற்போல் நிற்கும். மங்கலான புகைப்படத்தில்கூட இது தெரியும்.

இரண்டாவது, நீளம். ஜி11 நீண்ட துப்பாக்கி. குழல் 780 மில்லிமீட்டர். கே11-இன் குழல் 592 மில்லிமீட்டர், கே31-இன் குழல் 652 மில்லிமீட்டர். ஆனால் கே11-உம் கே31-உம் மொத்த நீளத்தில் ஏறக்குறைய ஒன்றே, சுமார் 1.1 மீட்டர். நீளத்தை மட்டும் அளந்துவிட்டு இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்களிடம் அதிகம் காணும் பிழை. கே31-இன் அமைப்பு சுருங்கியதால் மிஞ்சிய இடம் குழலுக்குப் போனது என்று புரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் வராது.

மூன்றாவது, மேகசினின் ஆழம். 1889-இன் மேகசின் 12 தோட்டாக்களை ஏற்கும்; மரக்கட்டைக்குக் கீழே கணிசமாகத் தொங்கும். 1896/11, ஜி11, கே11, கே31 எல்லாம் ஆறு தோட்டாக்களுக்கானவை. ஆழமான மேகசினைக் கண்டவுடன் மூன்றாம் படியில் சொன்ன எச்சரிக்கை நினைவுக்கு வர வேண்டும். ஆனால் மேகசின் ஆழமில்லாததை மட்டும் வைத்து ஜிபி11-க்கு ஏற்றது என முடிவு செய்துவிடக் கூடாது; 1911-க்கு முந்தைய குட்டைத் துப்பாக்கிகளிலும் ஆறு தோட்டா மேகசின் இருந்தது.

நான்காவது, 1896/11-ஐ உறுதிப்படுத்துவது. பழைய துப்பாக்கிக்குப் புதிய குழலும் புதிய மேகசினும் பொருத்தி மாற்றியமைத்த மாதிரி இது. நேராக இருந்த மரக்கட்டையின் கைப்பிடிப் பகுதியில் வளைந்த மரத்துண்டு ஒன்று பின்னர் ஒட்டப்பட்டிருக்கும். ஒட்டிய இணைப்புக்கோடு விரல் நகத்துக்குத் தட்டுப்படும். அதைப் பழுதுபார்த்த உடைப்பு என்று தவறாக எண்ணி விலை குறைக்கச் சொல்வோர் உண்டு. அந்தத் துண்டு தொழிற்சாலையிலேயே வைத்தது.

இழுக்கும் கைப்பிடியையும் பாருங்கள். பழைய மாதிரிகளில் செந்நிறக் குமிழ்கள் வழக்கம், கே31-இல் உலோகம். இது துணைச் சான்று மட்டுமே; குமிழ்கள் காலப்போக்கில் மாற்றப்பட்டிருக்கின்றன.

தொலைநோக்கி பொருத்திய கே31/42, கே31/43 என்று ஏதாவது குறைந்த விலைக்கு வந்தால், புதியவர் விலகிச் செல்வதே மேல். அவற்றின் மதிப்பு சாதாரண கே31-ஐவிடப் பல மடங்கு என்பதால் போலிகளும் பிற்காலத்தில் சேர்த்துக் கட்டியவைகளும் உலவுகின்றன. ஆவணமும் நிபுணரும் இல்லாமல் அந்த வாசலை மிதிக்க வேண்டாம்.

5. எண்களையும் முத்திரைகளையும் படியுங்கள்

வரிசை எண் போல்ட் அமரும் உலோக உடலின் இடப்பக்கத்தில் இருக்கும். போல்ட்டில் இருக்கும் எண் அதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். மேகசினில் முழு எண்ணோ அதன் கடைசி இலக்கங்களோ இருக்கும். மேகசின் பொருந்தாவிட்டால் அது சேகரிப்பு மதிப்பு பற்றிய விஷயம் மட்டும். போல்ட் பொருந்தாவிட்டால் அது பாதுகாப்பு பற்றிய விஷயம்: தோட்டா அறையில் எவ்வளவு நெருக்கமாக உட்காருகிறது என்பதைத் துப்பாக்கிப் பணியாளர் (துப்பாக்கிகளைப் பழுதுபார்த்து விற்கும் தொழிலாளர்) அளவுமானி கொண்டு சோதிக்கும்வரை அந்தத் துப்பாக்கியைச் சுடக் கூடாது.

ரோமன் பி (P) எழுத்தும் சில சமயம் அதையொட்டி இரண்டு இலக்க ஆண்டும் அடிக்கப்பட்டிருந்தால், சேவை முடிந்த வீரருக்கு அது தனியுடைமையாக வழங்கப்பட்டது என்று பொருள். அது குறை அல்ல. பெரும்பாலும் ஒரே ஆளின் வீட்டு அலமாரியில் இருந்து வந்த துப்பாக்கி என்பதற்கான அடையாளம் அது. நான் அதை நல்ல பக்கமாகவே எடுத்துக்கொள்வேன்.

கே31-இன் அடித்தகட்டை இரண்டு திருகுகள் பிடித்திருக்கும். விற்பவர் அனுமதித்தால் கழற்றிப் பாருங்கள். உள்ளே மடித்த சிறு காகிதத்தில், முதலில் பெற்ற வீரரின் பெயர், பிறந்த ஆண்டு, படைப்பிரிவு, ஊர் ஆகியன எழுதியிருக்கக் கூடும். பழுப்பேறி, மடிப்பில் விரிசல் விட்டிருக்கும். பிரித்துப் படித்தபின் அதே மடிப்பில் திரும்ப வையுங்கள். பெயர் தெரியும்படி படமெடுத்துப் பொதுவெளியில் போடாதீர்கள்; அவரோ அவர் பிள்ளைகளோ அதே ஊரில் இன்றும் இருக்கலாம்.

6. கையில் எடுத்துச் சோதிக்கும் முறை

முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், பிறகு போல்ட்டை முழுவதும் பின்னுக்கு இழுத்து, அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். விற்பவர் "காலிதான்" என்று சொன்ன பிறகும் இதைச் செய்யுங்கள். செய்யாதவரை அனுபவசாலி விற்பனையாளர் உடனே கவனித்துவிடுவார்.

அடுத்து, வலப்பக்கத்திலுள்ள விடுவிப்பு நெம்பை அழுத்திக்கொண்டு கே31-இன் போல்ட்டைப் பின்னால் உருவி எடுக்கலாம். போல்ட்டைப் பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டாம். முதல் நாளில் அதற்குத் தேவையும் இல்லை. இப்போது பின்புறமிருந்து குழலுக்குள் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள்.

இங்கேதான் அவசர முடிவுகள் நடக்கின்றன. சுவிஸ் வீரர்கள் குழலில் பாதுகாப்புக் கொழுப்பு தடவி வைப்பது வழக்கம். பழைய கொழுப்பு மங்கலான சாம்பல் படலமாகத் தெரியும். அதைத் துரு என்று எண்ணி நல்ல துப்பாக்கியை விட்டுவிட்டுப் போகிறவர்களும், துருவையே கொழுப்பு என்று சொல்லி விற்கிறவர்களும் ஒரே கூடத்தில் இருப்பார்கள். அனுமதி கேட்டு ஒரு வெள்ளைத் துணியைக் கம்பியில் கோத்து ஒருமுறை தள்ளுங்கள். துணி பழுப்பாகவோ கறுப்பாகவோ வழவழப்பாக வந்து குழல் பளபளத்தால் அது கொழுப்பு. அதற்குப் பிறகும், குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய புரிகளின் ஓரங்களில் ஊசி குத்தியதுபோல் கரும்புள்ளிகள் தங்கினால் அது துரு அரித்த குழி.

குழல் முனையைத் தனியாகப் பாருங்கள். பல ஆண்டுகள் முன்பக்கத்திலிருந்து கம்பியைச் செலுத்தித் துடைத்த துப்பாக்கிகளில் முனைப்பக்கப் புரிகள் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கலாம். நடுக்குழல் கண்ணாடிபோல் இருந்தும் துப்பாக்கி குறி தவறுவதற்கு இது ஒரு காரணம். தேய்மானத்தை அளக்கத் தோட்டாவை முனையில் செருகிப் பார்க்கும் வழக்கம் உண்டு. அதற்கு வெறும் குண்டையோ பயிற்சிக்கான போலித் தோட்டாவையோ மட்டுமே பயன்படுத்துங்கள், மருந்துள்ள தோட்டா ஆய்வு மேசைக்கே வரக் கூடாது.

கடைசியாக விசையும் பாதுகாப்பும். போல்ட்டின் பின்முனையில் உள்ள வளையத்தைப் பின்னுக்கு இழுத்துத் திருப்பினால் துப்பாக்கி பூட்டப்படும். அந்நிலையில் விசையை அழுத்தினால் எதுவும் நடக்கக் கூடாது. பூட்டை எடுத்தபின் விசை இரண்டு கட்டமாக நகர வேண்டும்: முதலில் தளர்வான நகர்வு, பிறகு தெளிவான ஒரு தடை, அதைத் தாண்டினால் விடுவிப்பு. அந்தத் தடை உணரப்படாமல் வழுக்கிக்கொண்டே போனால், யாரோ அரத்தால் விளையாடியிருக்கிறார்கள்.

7. மரக்கட்டையைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படாதீர்கள்

கே31-இன் முற்காலக் கட்டைகள் வால்நட் மரம். 1940-களின் பிற்பகுதியிலிருந்து வந்தவை பீச் மரம். பீச் கட்டைகளின் அடிப்பாகம் கடித்துக் குதறியதுபோல் கறுத்தும் நொறுங்கியும் இருப்பதைக் காண்பீர்கள். ஈரத்திலும் பனியிலும் பாறையிலும் ஊன்றி நிறுத்திய உழைப்பின் தடம் அது. குறியைப் பாதிப்பதில்லை, விலையை மட்டும் குறைக்கிறது. சுடுவதற்கு வாங்குபவருக்கு இது சலுகை.

கட்டையைத் தேய்த்து மெருகேற்றியிருந்தால் கவனமாக இருங்கள், ஏனெனில் மெருகேற்றியவர் முத்திரைகளையும் சேர்த்தே தேய்த்திருப்பார். கட்டையைக் கழற்றும்போது குழலுக்கும் மரத்துக்கும் இடையில் மெல்லிய உலோகத் தகடுகள் இருந்தால், அவற்றை எங்கிருந்து எடுத்தீர்களோ அங்கேயே வைக்க வேண்டும். குப்பை என்று எறிந்துவிட்டு, பிறகு குறி விலகுகிறதே என்று சங்கத்தில் வந்து கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் கேள்வியே இதுதான்.

8. எங்கே வாங்குவது, ஒப்பந்தம் எப்படி எழுதுவது

முதல் துப்பாக்கியை உள்ளூர்த் துப்பாக்கிப் பணியாளரிடம் வாங்குவதையே பரிந்துரைப்பேன். சற்று விலை கூடும். ஆனால் போல்ட்டின் பொருத்தத்தைச் சோதித்துத் தருவார், தாள் வேலைகளும் அவரிடம் பழகிவிட்டவை. லூசெர்ன், லொசான் நகரங்களில் நடக்கும் ஆயுதச் சந்தைகளில் ஒரே மேசையில் பல துப்பாக்கிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி. கண் பழகுவதற்காகவே முதல் முறை வாங்கும் எண்ணமில்லாமல் போய் வாருங்கள். புகைப்படத்தை மட்டும் நம்பி ஏலத்தில் எடுப்பது மூன்றாவது நான்காவது துப்பாக்கிக்கு வைத்துக்கொள்ள வேண்டிய வழி.

தனியாரிடம் வாங்கும்போது ஒப்பந்தத்தில் இருவரின் பெயர், பிறந்த தேதி, முகவரி, அடையாள அட்டை விவரம், துப்பாக்கியின் வகை, தயாரிப்பாளர், வரிசை எண், கைமாறிய இடமும் நாளும் இருக்க வேண்டும். எண்ணை விளம்பரத்திலிருந்து எழுதாமல் துப்பாக்கியைப் பார்த்து எழுதுங்கள். இருவரும் பிரதியைப் பத்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். துப்பாக்கியைக் கைமாற்றிக் கொடுத்தவர் ஒரு பிரதியை 30 நாட்களுக்குள் கன்டோனின் பதிவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்புவது விற்பவரின் கடமை என்றாலும், அனுப்பியதற்கான சான்றைக் கேட்டு வாங்கி உங்கள் பிரதியோடு இணைத்து வையுங்கள்.

9. தோட்டா வாங்கும்போது

தோட்டாவையும், அதற்குரிய துப்பாக்கியை வாங்கத் தகுதியுள்ளவருக்கே விற்கலாம். ஆகவே ஒப்பந்தப் பிரதியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

ராணுவ ஜிபி11 பத்துத் தோட்டா அட்டைப்பெட்டிகளில் வரும்; ஆறு தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஏந்தியிலும் கிடைக்கும். பெட்டியின் எழுத்தோடு உறையின் அடியில் உள்ள முத்திரையையும் ஒப்பிடுங்கள்: டி (T) எழுத்து தூன் நகர ஆலையைக் குறிக்கும், மாதமும் ஆண்டும் எண்களாக இருக்கும். பெட்டி ஒரு ஆண்டையும் உறை வேறொரு ஆண்டையும் காட்டினால், யாரோ கலந்து அடைத்திருக்கக் கூடும். அத்தகைய பெட்டியை வாங்காதீர்கள். குண்டு உறைக்குள் நுழையும் இடத்தில் மெழுகு வளையம் தெரிவது இயல்பு; அதைச் சுரண்ட வேண்டாம். பச்சைப் பூச்சு, நசுங்கிய கழுத்து, உள்ளே தள்ளப்பட்ட குண்டு ஆகியவை உள்ள தோட்டாக்களை ஒதுக்கிவைத்துத் துப்பாக்கிப் பணியாளரிடம் ஒப்படையுங்கள்.

ஜிபி11-இன் உறையில் மருந்தைப் பற்றவைக்கும் தீப்பொறி மூடி பெர்டான் வகையைச் சேர்ந்தது. உறையை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்த எண்ணுபவருக்கு அது வசதிப்படாது. அவர்கள் பிர்வி பார்ட்டிசான், நோர்மா போன்றவர்களின் 7.5×55 வணிகத் தோட்டாக்களை நாடுவது எளிது.

குறிசுடும் சங்கத்தில் அரசு மானிய விலையில் தரப்படும் தோட்டாக்கள் அந்தத் திடலில் சுடுவதற்கானவை. மிஞ்சியதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

10. வீட்டில் வைப்பதும் முதல் சுடுதலும்

துப்பாக்கியை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் விருந்தினருக்கும் எட்டாதபடி பூட்டி வைக்க வேண்டும். தோட்டாவை வேறு இடத்தில் பூட்டுங்கள். போல்ட்டையும் தனியே எடுத்து வைப்பது நான் எல்லோருக்கும் சொல்வது. திடலுக்கு எடுத்துச் செல்லும்போது துப்பாக்கியும் தோட்டாவும் பிரிந்திருக்க வேண்டும், மேகசினில் ஒரு தோட்டாவும் இருக்கக் கூடாது. வீட்டிலிருந்து திடலுக்கும் திடலிலிருந்து வீட்டுக்கும் நேராகச் செல்லுங்கள். அண்டை நாட்டுக்குக் கொண்டுசெல்ல ஐரோப்பியத் துப்பாக்கி அட்டை தேவை. ஊருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி இறக்கினால் அது குற்றம்.

சுடுவதற்கு முன் குழலிலும் தோட்டா அறையிலும் உள்ள கொழுப்பை முழுவதும் துடைத்தெடுங்கள். கொழுப்பு மிஞ்சினால் அழுத்தம் கூடுவதோடு, உறை அறைச் சுவரைப் பற்றிக்கொள்ளாமல் போல்ட்டின்மேல் அதிக விசையைத் தள்ளும். முதல் தோட்டாவை மேகசினில் ஒன்றே ஒன்றாக இட்டு, சங்கத்தின் அனுபவமுள்ளவர் அருகில் நிற்கச் சுடுங்கள்.

வெளியே விழுந்த உறையை உடனே எடுத்துப் பாருங்கள். தீப்பொறி மூடி பின்னுக்குத் தள்ளி எழும்பியிருந்தாலோ, உறையின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையமோ விரிசலோ தெரிந்தாலோ, இரண்டாவது தோட்டா வேண்டாம்; அந்த உறையைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பணியாளரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். உறை சீராக இருந்தால் இன்னும் இரண்டை ஒவ்வொன்றாகச் சுட்டு அவற்றையும் பார்த்த பிறகு ஆறையும் நிரப்பலாம்.